திருப்பணி: தமிழகக் கோயில்கள் புதுப்பிக்கப்பட்ட வரலாறு

கோயிலைப் புதிதாக எடுப்பதற்கும் பழைய கோயிலைப் புதுப்பிப்பதற்கும் தமிழில் ஒரே பெயர்தான்: திருப்பணி. உதிர்ந்த சுதையை ஒட்டுவதும் சாய்ந்த மதிலை நிமிர்த்துவதும் திருப்பணி. கருவறையையே பிரித்துக் கற்றளியாக எடுப்பதும் திருப்பணி. இன்று நிற்கும் பழங்கோயில்களில் ஒரே காலத்தில் கட்டி முடிந்து, பின்னர் யாருடைய கையும் படாமல் வந்தவை மிகச் சில. ஓர் ஊர்க்கோயிலின் கருவறை சோழர் காலத்தது, மண்டபம் விசயநகர காலத்தது, கோபுரம் நாயக்கர் காலத்தது, மேல்தளம் நகரத்தார் போட்டது என்பது சாதாரணம். ஆகவே தமிழகக் கோயில்களின் வரலாறு பெருமளவுக்குத் திருப்பணிகளின் வரலாறாகவே இருக்கிறது.

செங்கல்லும் மரமும்

தொடக்ககாலக் கோயில்கள் செங்கல், மரம், சுண்ணாம்பு, உலோகம் ஆகியவற்றால் ஆனவை. இப்பொருள்களுக்கு ஆயுள் குறைவு. மரத்தைக் கரையான் தின்னும். செங்கல் சுவரில் ஆலும் அரசும் வேர்விடும். செங்கல் சுவரும் மர விட்டமும் கொண்ட பொதியில் (ஊர்ப் பொதுமன்றம்) ஒன்று பாழடைந்து, விட்டம் வீழ்ந்து, எழுதிய கடவுளும் நீங்கிப்போன காட்சி அகநானூற்றின் 167ஆம் பாட்டில் வருகிறது. பராமரிக்க ஊர் இல்லாவிட்டால் கோயிலும் இல்லை என்பது அக்காலத்து அனுபவம்.

இந்நிலையில்தான் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து குகைக் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றி, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் இதை எடுத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்தோடு சொல்கிறது. அன்றுவரை கோயில் எதனால் கட்டப்பட்டது என்பதற்கும் அந்தக் கல்வெட்டே நேரடிச் சான்று.

பழைய செங்கல் கோயிலின் மேலேயே கல் கோயில் எழுந்ததற்கு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கண்கூடான சான்று கிடைத்தது. 2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை அங்கு மணலை அரித்ததில் பாறை ஒன்றில் கல்வெட்டு வெளிப்பட்டது. அது சுட்டிய முருகன் கோயிலைத் தேடி 2005இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும் அதன் அடியில் அதனினும் பழைய செங்கல் கோயிலும் தென்பட்டன. கடல் சிதைத்த கோயிலை அதே இடத்தில், அதே தெய்வத்துக்குப் பல்லவர் காலத்தவர் மீண்டும் எடுத்திருக்கின்றனர். இடமும் தெய்வமும் மாறாமல் பொருள் மட்டும் மாறுவது பின்வந்த திருப்பணிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு.

கற்றளிகளின் காலம்

செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றும் பணி சோழர் காலத்தில் காவிரிக் கரையெங்கும் பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையான சகிய மலையிலிருந்து கடல்வரை காவிரியின் இரு கரையிலும் முதலாம் ஆதித்தன் சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தான் என்று அன்பில் செப்பேடு கூறுகிறது. அவற்றுள் பல ஏற்கெனவே தேவாரம் பாடப்பட்ட தலங்கள். நாயன்மார்கள் பாடியபோது அவை செங்கல்லும் மரமுமாக இருந்தன. இன்று நாம் காண்பது பிற்காலத்தார் கல்லில் எடுத்த வடிவம்.

இப்பணியில் எவரினும் மேலாக நிற்பவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய். 957ஐ ஒட்டிக் கணவரை இழந்த பின் நெடுங்காலம் வாழ்ந்து, 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் கோயில் புதுப்பித்தலையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், ஆடுதுறை, திருக்கோடிகாவல், விருத்தாசலம், திருவாரூர் அரநெறி, திருவக்கரை ஆகிய இடங்களில் அவர் எடுப்பித்த கற்றளிகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

திருநல்லத்துக் கோயிலைத் தம் கணவர் பெயரால் எடுத்தார். கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் புடைப்புச் சிற்பம் அதன் சுவரில் இருக்கிறது. அது யார் உருவம், யார் எடுப்பித்தது என்ற எழுத்துப் பொறிப்பும் உடன் இருக்கிறது. அருகிலேயே அக்கற்றளியைச் செய்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனின் பெயரும் அவருக்குக் கிடைத்த பட்டமும் பொறிக்கப்பட்டுள்ளன. கட்டுவித்த அரசியோடு கட்டியவரையும் கல்லில் நிறுத்திய கோயில்கள் அரியவை.

பழங்கற்படி

செங்கல் சுவரை இடித்துக் கல் சுவர் எழுப்பும்போது கட்டடக் கலையோடு தொடர்பில்லாத ஒரு சிக்கல் எழுந்தது. பழைய கோயிலின் அதிட்டானத்திலும் கல் நிலைகளிலும் தூண்களிலும் ஆவணங்கள் வெட்டப்பட்டிருந்தன. இன்னாருடைய நிலம் இறையிலியாக விடப்பட்டது, நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன, திருவமுதுக்கு இவ்வளவு நெல், திருப்பதியம் பாடுவோர்க்கு இவ்வளவு என்ற ஏற்பாடுகளெல்லாம் அந்தக் கற்களில்தான் இருந்தன. கல் போனால் உரிமையும் போகும். பல தலைமுறைக்கு முன் செய்த அறம் ஆதாரமின்றி நின்றுவிடும்.

செம்பியன் மாதேவியார் இதை உணர்ந்து செயல்பட்டார். திருக்கோடிகாவலில் கோயிலைக் கற்றளியாக எடுத்தபோது, பல்லவர் காலம் முதலாக அங்கே கிடந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அப்படி வெட்டிய ஆவணங்களை இதுவும் ஒரு பழங்கற்படி என்ற குறிப்போடு பொறித்தனர். படி என்பது நகல். தங்கள் காலத்து எழுத்தில் வெட்டினாலும் செய்தி முந்தைய காலத்தது என்பதை மறைக்காமல் சொன்ன அந்தக் குறிப்பு, ஆவண ஒழுக்கத்தின் உயர்ந்த எடுத்துக்காட்டு. இன்று வரலாற்று ஆய்வாளர்கள் திருக்கோடிகாவலின் பல்லவர் காலச் செய்திகளை அறிவதற்கு அந்தப் படிகளே வழி.

இதே ஒழுங்கு அரசாணையாகவே வந்தது திருமழபாடியில். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துக் கற்றளியாக எடுக்க ஆணையிட்டான். விமானத்தைப் பிரிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கியது. புத்தகம் என்பது அக்காலத்தில் ஓலைச்சுவடி. பணி முடியுமுன் மன்னன் மறைந்தான். அவன் மகன் இராசேந்திரனின் ஆட்சியில், சுவடியிலிருந்த ஆவணங்கள் புதிய சுவரில் வெட்டப்பட்டன. ஆணையிட்டவன் போனாலும் ஓலை காத்திருந்தது. அடுத்த தலைமுறை அதை நிறைவேற்றியது.

தமிழகத்தின் வடபகுதியில் திருவல்லத்திலும் இது நடந்தது. திருமண்டபத்தைப் பிரித்து மீண்டும் எடுத்தபோது, பிரிக்கும் முன் இருந்த பல்லவர் காலக் கல்வெட்டின் படி இது என்ற குறிப்போடு ஆவணம் மறுபடி பொறிக்கப்பட்டது.

கட்டடத்தைப் போலவே தானங்களும் புதுப்பிக்கப்பட்டன. திருக்கழுக்குன்றத்தில் கிடைத்த முதலாம் ஆதித்தனின் 27ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று. கந்தசிட்டன் என்னும் பழைய பல்லவ மன்னன் கொடுத்த நிலத்தை, பின்னர் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்தார்; அதே அறத்தைத் தானும் தொடர்வதாக ஆதித்தன் அறிவிக்கிறான். பல்லவரை வென்று தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றியவன் பல்லவர் செய்த அறத்தை அழிக்கவில்லை. வம்சம் மாறினாலும் கொடை மாறக்கூடாது என்பது அக்கால அரசியலில் ஊறிய நெறி.

சடங்கு முறை

கோயிலைப் புதுப்பிப்பதை ஆகமங்களும் சிற்ப நூல்களும் சீரணோத்தாரணம் என்ற பெயரில் விரிவாக வகுத்துள்ளன. குடமுழுக்கு நான்கு வகை. புதுக் கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். வழிபாடின்றிப் பாழ்பட்ட கோயிலை மீட்டுச் செய்வது அநாவர்த்தம். மூர்த்தி நிலைபெற்ற கோயிலில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் மருந்து கரைந்தும் கட்டடம் பழுதுற்றும் இருந்தால் சீர்செய்து நடத்துவது புனராவர்த்தம். களவு முதலிய தீட்டு நேர்ந்தபின் செய்வது அந்தரிதம். இன்று 12 ஆண்டுக்கு ஒருமுறை ஊர்தோறும் நடப்பது பெரும்பாலும் புனராவர்த்தமே.

பணி தொடங்குமுன் பாலாலயம் நடக்கும். கருவறை மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கோ அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றி, வேறோர் இடத்தில் வைத்து வழிபடுவார்கள். திருப்பணி எத்தனை ஆண்டு நீண்டாலும் பூசை நிற்காது. மூலவர் சன்னிதி திரையிட்டிருக்க, தச்சரும் கொத்தரும் உள்ளே சென்று வேலை செய்ய இதனால் வழி ஏற்படுகிறது.

வேலை முடிந்ததும் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்க அட்டபந்தன மருந்து சாத்தப்படும். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டுப் பொருள்களை உரலிலிட்டு இடித்துப் பதமாக்குவர். இளக்கமாகச் சாத்தும் மருந்து நாளடைவில் இறுகிக் கல்லோடு கல்லாகும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெடித்துப் பிரியும். அபிடேக நீர் பீடத்துக்குள் இறங்கத் தொடங்கும். மருந்தின் இந்த ஆயுளே 12 ஆண்டு என்ற வழக்கத்துக்கு நடைமுறைக் காரணம். அந்தச் சாக்கில் தளம், கோபுரம், மதில் எல்லாம் பார்வையிடப்பட்டு, முளைத்த செடிகள் களையப்பட்டு, ஒழுகும் இடங்கள் அடைக்கப்படும். யாகசாலை பூசைக்குப் பின் கடங்கள் புறப்பட்டு விமானத்துக் கலசங்களில் நீர் சேர்ந்ததும் குடமுழுக்கு நிறைவுறும். தொடர்ந்து 48 நாள் மண்டலாபிடேகம்.

கலசத்துக்கு அரசர்கள் எவ்வளவு மதிப்பளித்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் சான்று. இராசராசன் தன் 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கக் கொடுத்த செப்புக் குடம் 3,083 பலம் எடை. அதன்மேல் போர்த்திய பொன் 2,926 கழஞ்சுக்கு மேல். இதையும் அவன் கல்லில் எழுதி வைத்தான்.

படையெடுப்புக்குப் பின்

14ஆம் நூற்றாண்டு திருவரங்கத்துக்குச் சோதனைக் காலம். 1311இலும் 1323இலும் தில்லிப் படைகள் அக்கோயிலைத் தாக்கின. உற்சவரான அழகிய மணவாளரின் திருவுருவத்தை அடியார்கள் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தனர். விசயநகரத் தளபதி கோபணார்யர் 1371இல் அதை மீட்டுவந்து திருவரங்கத்தில் மீண்டும் நிலைநிறுத்தினார். கோயிலிலுள்ள வடமொழிக் கல்வெட்டும் கோயிலொழுகு என்னும் வரலாற்று நூலும் இதைச் சொல்கின்றன. அங்கு முதலில் மீட்கப்பட்டது வழிபாடு. மண்டபங்களும் மதில்களும் அதன்பின் படிப்படியாகச் சீராயின.

விசயநகர, நாயக்கர் காலத்தில் திருப்பணியின் போக்கு மாறியது. சோழர் கருவறையைக் கல்லாக்கினார்கள் என்றால், இவர்கள் அதைச் சுற்றி விரிவாக்கினார்கள். கிருட்டிணதேவராயர் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரத்தை 1509இல் எடுத்தார். திருவண்ணாமலை இராசகோபுரம் அவர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிந்தது. மதுரையில் விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை அடுத்தடுத்து மண்டபங்களும் கோபுரங்களும் எழுந்தன. எந்த மண்டபம் யாருடைய உபயம் என்று வரிசைப்படுத்தும் திருப்பணிமாலை என்ற நூல்வகையும் தோன்றியது. மதுரைத் திருப்பணிமாலை அத்தகையது. கல்வெட்டில் எழுதிய கணக்கு செய்யுளில் இடம்பெறலாயிற்று.

புதியதைச் சேர்க்கும் ஆர்வத்தில் பழையது மறைந்துபோனதும் உண்டு. தஞ்சைப் பெரியகோயிலின் கருவறைச் சுற்றில் சோழர் கால ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேலடுக்கை அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து, வேறு பலகைகளில் பதித்து, இரு காலத்து ஓவியங்களையும் காப்பாற்றினர்.

நகரத்தாரும் அரசும்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1817ஆம் ஆண்டின் ஒழுங்குச் சட்டம் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. அரசு பின்னர் ஒதுங்கிக்கொள்ள, 1863ஆம் ஆண்டுச் சட்டம் நிருவாகத்தை உள்ளூர்க் குழுக்களிடமும் தருமகர்த்தாக்களிடமும் விட்டது. அரச ஆதரவும் போய், நிலவருவாயும் சுருங்கியதில் பல கோயில்கள் இடிந்து சரிந்தன.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலில் ஈட்டிய பொருளில் மகமை என ஒரு பங்கை ஒதுக்கி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாடல் பெற்ற தலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்பித்தார்கள். திருவண்ணாமலை, சிதம்பரம், காஞ்சிபுரம், மதுரை, இராமேசுவரம் எங்கும் அவர்கள் பணி உண்டு. அவர்கள் இல்லாதிருந்தால் பல ஊர்களில் இன்று கோயில் இருந்த மேடு மட்டுமே எஞ்சியிருக்கும்.

ஆனால் அப்பணிகளில் சோழர் காலக் கற்றளிகள் சில முற்றிலும் பிரிக்கப்பட்டுப் புதிய கல்லில் எடுக்கப்பட்டன. கல்வெட்டுக் கற்கள் தளத்திலும் படிக்கட்டிலும் இடம் மாறிப் பதிக்கப்பட்டன. பல காணாமலே போயின. பக்தியிலோ பொருட்செலவிலோ குறை இல்லை. திருமழபாடியில் எழுதிய புத்தகம் போல ஒன்று இங்கே எழுதப்படவில்லை என்பதே குறை. தொல்லியல் அறிஞர்கள் இதை வருத்தத்தோடு பதிவு செய்தார்கள்.

இதே காலத்தில் அந்தப் புத்தகத்தின் வேலையை வேறொரு துறை கையில் எடுத்தது. 1886இல் கல்வெட்டறிஞராக நியமிக்கப்பட்ட ஜெர்மானியர் ஊல்ச், கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளை மைப்படி எடுக்கும் முறையைத் தொடங்கினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் முதல் நூல் 1890இல் வெளிவந்தது. வெங்கையா, கிருட்டிண சாத்திரி போன்றோர் தொடர்ந்தனர். அவர்கள் படியெடுத்த சில கற்கள் இன்று இல்லை; படி மட்டும் இருக்கிறது.

ஈழத்திலும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் எடுக்க 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1976இல், அங்குப் பெருங்குடமுழுக்கு நடந்தது. திருகோணமலையில் 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய திருமேனிகள் கிடைத்தன. கோணேசர் கோயிலும் புதிதாக எழுந்தது.

சென்னை மாகாணத்தில் 1920களில் இந்து அறநிலையச் சட்டங்கள் வந்தன; வாரியம் அமைந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் துறையாக மாற்றியது; இப்போது நடப்பிலிருப்பது 1959ஆம் ஆண்டுச் சட்டம். சிற்பக் கலையைக் கற்பிக்க 1957இல் மாமல்லபுரத்தில் அரசு பயிற்சி நிறுவனம் தொடங்கியது. பி.டி. இராசன் முன்னின்று நடத்திய மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணி 1963 குடமுழுக்கோடு நிறைவுற்றது. நாயக்கர் காலத்திலிருந்து மொட்டையாக நின்ற திருவரங்கத்து இராசகோபுரம் 13 நிலைகளோடு முடிந்து 1987 மார்ச் 25இல் குடமுழுக்குக் கண்டது.

சிமென்ட்டும் மணல் வீச்சும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருப்பணிப் பொருள்கள் மாறின. பழைய கொத்தர்கள் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்ல நீரும் கலந்து பயன்படுத்தினர். அந்தச் சாந்து ஈரத்தை வாங்கி வெளிவிடும். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உள்ளிருக்கும் செங்கல்லும் சுதையும் நொறுங்கும். பளபளக்கும் தரைக்கற்களும் குளியலறை ஓடுகளும் எனாமல் வண்ணமும் கருவறை வாசல்வரை வந்தன. தரை உயர்ந்ததில் அதிட்டானம் புதைந்தது. அதிலிருந்த கல்வெட்டுகளும் புதைந்தன.

எல்லாவற்றிலும் கொடியது மணல் வீச்சு. எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்புப் பூச்சையும் நீக்க, அழுத்தக் காற்றில் மணலைக் கல்லின்மேல் பாய்ச்சும் முறை இது. அழுக்கோடு கல்லின் தோலும் உரியும். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தின் விளிம்பு சில நொடியில் மழுங்கும். சிற்பத்தின் விரல் நுனியும் ஆடை மடிப்பும் தேயும். ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பின் தமிழக அரசு இம்முறைக்குத் தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் யுனெஸ்கோ குழு பல கோயில்களைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தது. 2021 சூன் 7இல் வந்த தீர்ப்பு, பழங்கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களை அரசுக்கு வழங்கியது.

முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2015 குடமுழுக்குக்கு முன் திருவரங்கத்தில் பிற்காலச் சேர்ப்புகள் அகற்றப்பட்டன. பழைய மழைநீர் வழிகள் மீட்கப்பட்டன. சுண்ணாம்புச் சாந்து திரும்பி வந்தது. அப்பணி 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. தஞ்சை மாவட்டத்தில் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் பழைய நுட்பத்தில் புதுப்பிக்கப்பட்டதற்கு 2024இல் அதே அமைப்பின் சிறப்பு விருது கிடைத்தது. துக்காச்சி ஒரு சிற்றூர். பெரிய வருவாய் உள்ள கோயிலால்தான் இது முடியும் என்ற எண்ணத்துக்கு அதுவே விடை.

கோயில் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காத கோயில் நிலைக்காது. ஆனால் பழையதன் சாட்சியைப் புதியதில் ஏற்றி வைக்கும்போதுதான் திருப்பணி முழுமை பெறுகிறது. செம்பியன் மாதேவியாரும் இராசராசனும் உளியும் ஓலையும் மட்டுமே கைக்கொண்டு அதைச் செய்தார்கள். இன்று ஒளிப்படமும் கணினியும் ஊர்தோறும் இருக்கின்றன. எந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கினாலும், முதல் கல்லைப் பெயர்க்கும் முன் ஒவ்வொரு கல்வெட்டையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் படம் எடுத்து, கற்களுக்கு எண் இட்டு, பதிவேட்டில் ஏற்றுவதை அறங்காவலர்களும் உபயதாரர்களும் ஊராரும் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.